மூக்குக்கு முன்னால் ஒரு ஷார்ப்

ஜனவரி 19, திங்கள்

பனி. காலை ஏழு மணிக்குப் போதமலை இருந்த இடத்தில் மலை இல்லை. யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்றே முடிவு செய்தேன். ஒன்பது மணிக்குத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். நல்லவர்கள்.

கடை திறந்தது 8.40. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று, பிறந்தநாள் ஃபிளெக்ஸ் ஒன்று. இரண்டு முகத்துக்கும் ஒரே மீசை. படம் மாறிவிடக் கூடாதென்று மூன்று முறை சரிபார்த்தேன். இரண்டாவது முறை பார்த்தபோது மாறித்தான் இருந்தது.

இன்னும் ஒன்பதே நாள். என் தங்கை சரோஜாவின் ஒரே மகள் நிலாவுக்குக் கல்யாணம். இனி இந்த ஏட்டில் நி. என்றால் நிலா. பேரரசர்களுக்கு முழுப் பெயர் எழுத நேரமிருப்பதில்லை. நி. சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இசை டீச்சர். கீபோர்டு பரீட்சை எட்டையும் தேறியவள். தும்மினால்கூடத் தாளத்தில்தான் தும்முவாள்.

போன மாதம் என்னிடம் வந்து சொன்னது: "மாமா, நீங்க சீர் கொண்டாரப்ப எல்லாக் கல்யாணத்துலயும் வாசிக்கற அந்தப் பாட்ட வாசிக்காதீங்க. நா ஒன்னு எழுதித் தாரேன்."

எழுதிவிட்டாள். தாய்மாமன் சீர்த் தட்டுகளோடு நான் மண்டபத்துக்குள் நுழையும்போது எங்கள் பேண்டு செட் வாசிக்க, கம்ப்யூட்டரில் ஸ்வரம் எழுதும் நொட்டேஷன் சாஃப்ட்வேரில் போட்ட முப்பத்திரண்டு கட்டம்; கோட்டுக்குக் கோடு ஒரு கட்டம். அந்த சாஃப்ட்வேரை என் கடைக் கம்ப்யூட்டரிலும் ஏற்றிக் கொடுத்து, கோப்பையும் அனுப்பிவிட்டாள். இன்று அச்சடித்தேன்.

செட்டில் இருபத்திரண்டு வருடமாகப் பெரிய டிரம் அடிப்பவன் நான். நோட்டு படிக்கத் தெரியாது. தேவையும் இல்லை. என் அடி விழுந்தால் கொல்லிமலையில் பலாப்பழம் விழும்.

அச்சான பக்கங்கள்:
கிளாரினெட் – 1. மாஸ்டர் பழனிச்சாமிக்கு. பகலில் லாரி பாடி கட்டும் தச்சர்.
டிரம்பெட் – 2. முருகேசனுக்கும் அவன் தம்பிக்கும். கோழிப்பண்ணை.
யூஃபோனியம் – 1. குழந்தை மாதிரி ஏந்தி ஊதும் பெரிய பித்தளைக் குழல். நெய்க்கடைக் கந்தசாமிக்கு.
பெரிய டிரம் – 1. அடியேனுக்கு.

மற்றவர் பக்கமெல்லாம் கல்யாண வீட்டுப் பெண் மாதிரி நகை நட்டோடு இருக்கிறது. ஸ்வரத்துக்கு முன்னால் கயிற்றுக் கட்டில் மாதிரி ஒரு குறி: ஷார்ப், ஸ்வரத்தை அரைப்படி ஏற்றும். தொப்பை விழுந்த ஒரு குறி: ஃபிளாட், அரைப்படி இறக்கும். கால் ஒன்று மேலே, கால் ஒன்று கீழே போன நாற்காலி: நேச்சுரல், பழையபடி ஆக்கிவிடும். என் பக்கத்தில் ஒரே கோடு, கோட்டின் மேல் வரிசையாகக் குச்சிகள். ஒரு குறி கிடையாது. வெறுங்கழுத்து.

மனதில் குறித்துக்கொண்டேன். கேட்க வேண்டும்.


ஜனவரி 20, செவ்வாய்

வெயில் ஏறிவிட்டது. ஒத்திகை சாயங்காலம் ஐந்துக்கு, சேகோ மில் களத்தில். காயப்போட்ட ஜவ்வரிசியை அள்ளிய பிறகு களம் எங்களுக்கு. மில்காரருக்குச் சங்கீதத்தில் பெரிய ஆர்வம். நாங்கள் வாசிக்க ஆரம்பித்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

முதல் ஆறு கட்டம் தேன். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டான். எனக்கே சீர்த் தட்டுகள் கண்ணில் தெரிந்தன.

ஏழாவது கட்டம். என்ன சொல்ல. ஆட்டுக்குட்டி எண்ணெய் டின்னுக்குள் தலையை விட்ட சத்தம். களத்தின் ஓரத்தில் மரவள்ளி இறக்கிக்கொண்டிருந்த லாரியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

மறுபடி. மறுபடியும் ஆட்டுக்குட்டி. எட்டு முறை வாசித்தோம், எட்டுக் குட்டி.

டிரம்பெட்காரர்கள் யூஃபோனியத்தைப் பார்த்தார்கள். மாஸ்டரும் பார்த்தார். நெய்க்கடைக் கந்தசாமி தன் தாளில் இருப்பதைத்தான் ஊதுவதாகச் சத்தியம் செய்தார். அவர் கடை நெய்யைப் பற்றி அவர் செய்யும் சத்தியத்தைக் கேட்டுப் பழகியவர்கள் யாரும் நம்பவில்லை. பிறகு அவர் பாவம், தனியாக ஊதிக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. டிரம்பெட் தனியாக ஊதிற்று. அதுவும் தாளில் உள்ளபடிதான் என்றான் முருகேசன். சேர்ந்தால்தான் ஆட்டுக்குட்டி.

மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். துடைக்கும்போது பேசமாட்டார். துடைத்து முடித்துச் சொன்னது:

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமக்குள்ள ஏழாங் கட்டம் நேராவுலீன்னா பழைய பாட்டே வாசிச்சுரலாமுங்க. அத்தன சனம் முன்னால அம்மிணி எழுதுனது தப்புன்னு ஆயிரக் கூடாதுங்க."

அவர் சொன்னது நல்லதுக்குத்தான். அதனால்தான் எனக்குக் கோபம் வரவில்லை.


ஜனவரி 21, புதன்

கரண்ட் 9 முதல் 11 வரை இல்லை. வந்ததும் கோப்பைத் திறந்து கம்ப்யூட்டரையே வாசிக்கச் சொன்னேன். ஏழாவது கட்டம் பால். ஜெராக்ஸ் எடுக்க வந்த பெண்மணி பிறப்புச் சான்றிதழைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். ஆறு முறை போட்டேன். ஆறு முறையும் பால்.

ஆக, கம்ப்யூட்டர் சரி. கந்தசாமி சரி. முருகேசன் சரி. நான் சொல்லவே வேண்டாம். எல்லோரும் சரியாக இருக்கும்போது தப்பு எங்கே குடியிருக்கிறது?

நி.க்குப் போன் செய்தேன். லீவு போட்டு வீட்டில்தான் இருக்கிறாள். முகூர்த்தக்கால் நட்டாயிற்று; இனி கல்யாணம் வரை பெண் வாசல் தாண்டக் கூடாது என்பது என் தங்கை சரோஜாவின் சட்டம். எல்லைக் காவல் படை அவளிடம் பாடம் கேட்க வேண்டும்.

விஷயத்தைச் சர்க்கரை தடவித்தான் சொன்னேன். ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொல்லவே இல்லை. 'கொஞ்சம் உரசுகிறது' என்றேன். நி. சொன்னது:

"உடுங்க மாமா. பழைய பாட்டே வாசிச்சுக்குங்க. நா எழுதுனதுதான் தப்பா இருக்கும்."

போனை வைத்துவிட்டாள்.

இந்தப் பெண் பிறந்து இருபத்தைந்து வருடத்தில் தன் மேல் தப்பு என்று ஒரு நாளும் சொன்னதில்லை. மூன்று வயதில் என் கடையின் மை டப்பாவைக் கவிழ்த்துவிட்டு, மை தானாக இறங்கி நடந்தது என்று சாதித்தவள். ஒன்பதாம் வகுப்பில் சைக்கிளைக் கோயில் மதிலில் மோதிவிட்டு, மதில் வழிவிடவில்லை என்றவள். அவள் வாயில் 'நான்தான் தப்பு' என்று வந்தால் மேட்டூர் அணை உடைந்த மாதிரி.

மதியச் சாப்பாடு இறங்கவில்லை. ரசம் இரண்டாவது முறை கேட்காததைப் பார்த்து வீட்டுக்காரி நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.


ஜனவரி 22, வியாழன்

மேகமூட்டம். வரலாற்றில் இடம் பெறப்போகும் நாள். பேனாவுக்கு மை நிரப்பிக்கொண்டு எழுதுகிறேன்.

காலையில் மாஸ்டர் கடைக்கு வந்து ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். செட்டை ஆரம்பித்த பழைய மாஸ்டர் கைப்பட எழுதியது. பக்கம் கிழிகிறது, ஜெராக்ஸ் போட்டு பைண்ட் செய்ய வேண்டும். அறுபது பக்கம். கண்ணாடி மேல் கவிழ்த்து, பட்டனை அழுத்தி, திருப்பி, மறுபடி கவிழ்த்து. முப்பதாவது பக்கத்தில் கண் எதையோ பிடித்தது.

படிக்கத் தெரியாதவன் கண். அது படிக்காது, எண்ணும்.

பழைய மாஸ்டர் கையெழுத்தில் கயிற்றுக் கட்டில் ஏகப்பட்டது. ஒரே கட்டத்தில் அதே ஸ்வரம் மூன்று முறை வந்தால் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டில். நி.யின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். ஏழாவது கட்டம், டிரம்பெட். ஒரே ஸ்வரம் இரண்டு முறை. முதலாவதற்குக் கட்டில் உண்டு. இரண்டாவது வெறும் தரையில் படுத்திருக்கிறது. யூஃபோனியத்தின் தாளில் அந்த இரண்டாவதுக்கு நேரான இடத்தில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதற்குக் கட்டில் உண்டு.

நி.க்குப் போன். எடுத்ததும் கேட்டது ஒன்றே: ஒரு தடவை ஷார்ப் போட்டால் அது எது வரைக்கும்? புத்தக முறைப்படி அந்தக் கட்டத்துக் கோடு வரை, மறுபடி போடத் தேவையில்லை என்றாள். இது என்ன கேள்வி என்கிற குரல்.

கடையைப் பூட்டிவிட்டு லாரிப் பட்டறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் டிவிஎஸ்ஸில். மாஸ்டர் ஒரு கேபினுக்குள் குப்புறப் படுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தார். அதே கேள்வி. அவர் வாயிலிருந்த ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார், அது எந்த ஸ்வரத்தோட மூக்குக்கு முன்னால் நிற்கிறதோ அந்த ஒன்றுக்குத்தான். அவரும் இது என்ன கேள்வி என்கிற குரல்.

ஆக, நம் செட் இரண்டாவது ஸ்வரத்தை வெறும் தரையில் ஊதுகிறது. கந்தசாமி மட்டும் கட்டில் மேல் ஊதுகிறார். அங்கேதான் ஆட்டுக்குட்டி பிறக்கிறது. நெய்யைப் போல ஸ்வரத்திலும் அவர் உத்தமர் என்று முதல் முறையாக நிரூபணம்.

கம்ப்யூட்டர் யுகத்தில் இப்படி ஒரு கண்டுபிடிப்பைச் செய்தவனுக்கு ஒரு சிலை வைக்கலாம். புது பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இடம் இருக்கிறது.

ஏன் ஒவ்வொன்றுக்கும் போடும் பழக்கம் என்று மாஸ்டரிடமே கேட்டேன். அவருக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. நாம் நடந்துகொண்டு வாசிப்பவர்கள். தாள் கருவி நுனியில் கிளிப்பில் ஆடுகிறது. முன்னால் பட்டாசு, கீழே சாணி, பக்கத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள். கட்டத்தின் ஆரம்பத்தில் என்ன இருந்தது என்று திரும்பிப் பார்க்கிறவன் அடுத்த அடியை யார் காலிலோ வைப்பான். கண் முன்னால்தான் போகும், பின்னால் வராது. அதனால் பழைய மாஸ்டர் அப்படி எழுதினார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது யாருக்கும் தெரியாமல் வண்டியிலேயே பாடினேன். சிக்னலில் ஒருவர் தெரிந்துகொண்டார்.


ஜனவரி 23, வெள்ளி

இன்று எழுத வெட்கம். ஆனாலும் ஏடு பொய் சொல்லக் கூடாது.

மருந்து சாஃப்ட்வேருக்குள்ளேயே இருக்கும் என்பது என் கணிப்பு. கணிப்பு சரி. இந்தக் குறிகளுக்கெல்லாம் சேர்த்து ஆக்ஸிடென்டல் என்று பெயராம். நெடுஞ்சாலை ஓரத்தில் பிறந்த நான் ஹெல்மெட் போட்டுக்கொள்ளாத குறையாக அந்த மெனுவைத் திறந்தேன். உள்ளே பட்டியல். எனக்குப் புரிந்த வரையில்:

1. வழக்கப்படி, கட்டத்துக்கு ஒரு முறை.
2. அடுத்த கட்டத்தில் ஞாபகப்படுத்த, அடைப்புக்குறிக்குள் சின்னதாக.
3. மாறிய ஒவ்வொரு ஸ்வரத்துக்கும்.
4. எல்லா ஸ்வரத்துக்கும், மாறாதது உட்பட.

இருபத்திரண்டு வருடம் பெரிய டிரம் அடித்தவன் எதைத் தேர்ந்தெடுப்பான்? நான்கு. கூடவே இரண்டையும் சேர்த்துவிட்டேன். மறுபேச்சுக்கே இடமிருக்கக் கூடாது.

நி.யிடம் சொல்லவில்லை. அவளுக்கு இன்ப அதிர்ச்சி கொடுக்க வேண்டுமாம். துரைக்கு ஆசை.

அச்சடித்துக் களத்துக்கு எடுத்துப் போனேன். தாளைப் பார்த்தால் வெல்லத்தின் மேல் எறும்பு. ஸ்வரத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் முன்னால் ஒரு நாற்காலியோ கட்டிலோ, சிலதற்கு அடைப்புக்குறிக்குள் இன்னொன்று. பந்தல் சாமான் வாடகைக் கடை மாதிரி.

முருகேசன் தாளைத் தூரத்தில் பிடித்தான். கிட்டத்தில் பிடித்தான். "ஏனுங்கண்ணா, இது நோட்டா, கோழிப்பண்ணைக் கம்பி வலைங்களா?"

வாசித்தார்கள். ஏழாவது கட்டத்துக்கு வந்து சேரவே இல்லை. மூன்றாவதிலேயே ஆளுக்கொரு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார்கள். நான் மட்டும் கடைசி வரை அடித்து முடித்தேன். கடமை.

மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். போகும்போது பழைய பாட்டின் கைப்பிரதியைப் பையிலிருந்து எடுத்து மேலே வைத்துக்கொண்டார். நான் பார்க்கட்டும் என்று வைத்ததல்ல. அதனால்தான் பார்த்ததும் என்னவோ போலாகிவிட்டது.

வீட்டுக்காரி: "முத்திரத்தாள் மாதிரி மூஞ்சிய வெச்சுட்டு இருக்காதீங்க. அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

பெண்கள் சொல்வதைக் கேட்பதில்லை என்பது என் கொள்கை. இன்று மட்டும் விதிவிலக்கு. முப்பது வருடமாக இன்று மட்டும்தான்.


ஜனவரி 24, சனி

கடத்தல். இந்திய தண்டனைச் சட்டத்தில் இதற்கு என்ன பிரிவோ தெரியவில்லை.

மதியம் மூன்றுக்குச் சரோஜா வீட்டில் ஆஜர். முகத்தைக் கவலையாக்கிக்கொண்டு, வாசல் ஃபிளெக்ஸில் மாப்பிள்ளை பெயர் சரியா என்று சந்தேகமாக இருக்கிறது, நி. வந்து ஒரு பார்வை பார்த்தால்தான் மெஷினில் போடுவேன் என்றேன். எல்லைக் காவல் படை சிதறியது. மாப்பிள்ளை பெயரா, போ சாமி, ஓடு என்று மகளைத் தள்ளினாள். செருப்பு போடக்கூட விடவில்லை. நானே ஒரு ஜோடியைக் கையில் தூக்கிக்கொண்டு போனேன்.

வண்டியில் போகும்போதே எல்லாவற்றையும் சொன்னேன். ஆட்டுக்குட்டி, கட்டில், கேபின், நான்காம் நம்பர் எல்லாம். நான்காம் நம்பருக்கு அவள் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. பிறகு டீச்சர் ஆகிவிட்டாள். மூன்றாம் நம்பர் என்று ஒன்று இருக்கிறதுதான், ஆனால் கல்யாணப் பாட்டுக்கு அப்படிப் போடுவது முறையில்லை, தெரிந்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள், ஒரு தடவை போட்டால் கோடு வரைக்கும் என்பது உலகம் பூராவும் ஒத்துக்கொண்டது. இதைப் படிக்கத்தான் எட்டுப் பரீட்சை எழுதினாளாம்.

நான் வாதாடவில்லை. வண்டியைச் சேகோ மில்லுக்குத் திருப்பினேன்.

செட் காத்திருந்தது. வரச் சொல்லியிருந்தேன். முருகேசனின் டிரம்பெட்டை அவள் கையில் கொடுத்து, நுனிக் கிளிப்பில் அவளுடைய முதல் அச்சுத் தாளை மாட்டினேன். ஊத வேண்டாம், வாயால் பாடு, எங்களோடு நட, களத்தை ஒரே ஒரு சுற்று. கல்யாணப் பெண், கையில் மருதாணி பாதி சிவந்து, அடுத்தவன் டிரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு. சரோஜா பார்த்திருந்தால் என் பெயரைச் சீர் வரிசையிலிருந்து அடித்திருப்பாள்.

நான் அடித்தேன். நடந்தோம். முதல் ஆறு கட்டம் நன்றாகப் பாடினாள். முருகேசனின் தம்பி வேண்டுமென்றே தோளில் இடித்தான். ஊர்வலத்தில் அப்படித்தான் இடிப்பார்கள். தாள் ஆடிற்று. ஏழாவது கட்டம். முதல் ஸ்வரம் வந்தது. இரண்டாவதுக்கு வாயைத் திறந்தவள், கண்ணைப் பின்னால் கொண்டுபோனாள்.

கால் நேராகத் திப்பிக்குள். மரவள்ளி அரைத்த ஈரச் சக்கை, கணுக்கால் வரை.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்று நான் முன்பே சொல்லி வைத்திருந்தேன். நான்தான் முதலில் சிரித்தேன்.

அவள் காலைத் தூக்காமல் அப்படியே நின்று தாளைப் பார்த்தாள். அவள் எழுதிய தாளை முதல் தடவையாகப் பார்க்கிற மாதிரி.

"நா உக்காந்துட்டே எழுதிட்டேன் மாமா."

மாஸ்டர் தண்ணீர்ச் சொம்போடு வந்தார். அவள் காலில் ஊற்றிக்கொண்டே, நிமிராமல்: "பொஸ்தகத்துல இருக்கறதுதான் சரிங்க அம்மிணி. உங்க மேல தப்பில்லீங்க. நாங்க நடக்கறவிங்க, அவ்ளோதானுங்க."

நேராகக் கடைக்கு. மூன்றாம் நம்பரை அவளே அழுத்தினாள். என்னைப் போல் மேலே மட்டும் மாற்றாமல், ஒவ்வொரு கருவியின் பக்கத்துக்கும் தனித்தனியாகப் போய் மாற்றினாள். குறியும் ஸ்வரமும் ஒட்டிக்கொண்ட இடத்தில் நூலிழை இடைவெளி விட்டாள். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினாள், ஆடினாலும் தெரியட்டும் என்று. நாற்பது நிமிடம். பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து நான் டீ வாங்கிக் கொடுக்கும் பணியைச் செவ்வனே செய்தேன். உலகத்தில் எங்கோ ஒருவன் நம் செட் நடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மூன்றாம் நம்பரைப் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். வேறு காரணம் கிடையாது.

மனுவையும் கொடுத்தேன். எல்லோர் பக்கத்திலும் நகை, என் பக்கம் வெறுங்கழுத்து, இது நியாயமா என்று.

"டிரம்முக்கு ஏதுங்க மாமா ஷார்ப்பு. தோலுக்கு என்ன ஸ்வரம்?"

மனு தள்ளுபடி.

ஆறு மணிக்குக் கொண்டுபோய் விட்டேன். சரோஜா கேட்டது: பேர் சரியா இருந்துச்சாண்ணா? சரியாகத்தான் இருந்தது என்றேன். அப்பறம் எதுக்கு மூணு மணி நேரம், கால் ஏன் வெள்ளையா இருக்குது. இதற்குப் பதில் சொல்ல நான் அங்கே இல்லை. வண்டி தெருமுனை திரும்பிவிட்டது.


ஜனவரி 25, ஞாயிறு

ஏழாவது கட்டம் பால். மாஸ்டர் கிளாரினெட்டைத் துடைக்கவே இல்லை, மூன்று தடவை திரும்ப வாசிக்கச் சொன்னார். கந்தசாமிக்கு எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அனுபவித்துக் குடித்தார். பழைய பாட்டின் கைப்பிரதி மாஸ்டர் பைக்குள் எங்கோ அடியில் போய்விட்டது.

மில் கதவு பாதி திறந்திருந்தது.


ஜனவரி 27, செவ்வாய்

நேற்று எழுத நேரமில்லை. இன்றும் இல்லை. சீர்த் தட்டு நூற்றெட்டு என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரி எண்ணிப் பார்த்து இருபத்தொன்று என்கிறாள். எண்ணிக்கை என்பது பார்ப்பவர் மனதைப் பொறுத்தது.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வாங்க வேண்டியவை: கல்கண்டு, முந்திரி, வெற்றிலை, தட்டு மூட ஜிகினாத் தாள், எனக்கு நல்ல பனியன்.

நி. ஒரு கவர் கொடுத்தனுப்பியிருக்கிறாள், 'பேண்டு செட்' என்று எழுதி. கோப்பில் கடைசியாகச் சின்னத் திருத்தம் செய்து, அங்கேயே பக்கத்துக் கடைக்கு ஆள் அனுப்பி அச்சடித்தாளாம். என் கடை இருக்க, பக்கத்துக் கடை. துரோகம். பிரிக்காமல் மாஸ்டரிடம் கொடுத்தேன்.


ஜனவரி 28, புதன்

கல்யாணம். பனியில்லை. போதமலை அதன் இடத்தில்.

நான்கு மணிக்கு எழுந்து குளித்து, பட்டு வேட்டி, அதன் மேல் பெரிய டிரம். ஒரு தாய்மாமன் சீரும் கொண்டுவந்து டிரம்மும் அடிப்பதை இந்தச் சீமை இதுவரை பார்த்ததில்லை, இனியும் பார்க்காது. தட்டுத் தூக்க உறவுக்காரப் பெண்கள். முன்னால் செட். மண்டபத்துக்கு இருநூறு அடி முன்னால் வரிசை கட்டினோம்.

மாஸ்டர் கவரைப் பிரித்து ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எனக்கும் ஒன்று. நான் தாள் வைத்து அடித்ததே இல்லை. அழகுக்காகவாவது மாட்டுங்கள் என்று வீட்டுக்காரி டிரம் விளிம்பில் துணி மாட்டும் கிளிப்பால் குத்திவிட்டாள்.

ஆரம்பித்தோம். பட்டாசு. மாப்பிள்ளையின் நண்பர்கள். சாணி. எல்லாம் மாஸ்டர் சொன்ன இடத்தில் இருந்தன. ஏழாவது கட்டம் வந்தது. டிரம்பெட்டும் யூஃபோனியமும் ஒரே வாசலில் ஒன்றாகக் கால் வைத்து உள்ளே போன மாதிரி போனார்கள். வாசல் தாண்டி உள்ளே நுழைந்தால் மணவறையில் நி. நின்றிருந்தாள். தலை குனிந்திருக்க வேண்டிய பெண். குனிந்துதான் இருந்தாள், ஆனால் கால் கட்டைவிரல் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் சரோஜா முந்தானையை வாயில் வைத்திருந்தாள்.

அப்போதுதான் என் தாளைப் பார்த்தேன். ஒரே கோடு, குச்சி, குச்சி, குச்சி. கடைசிக் கட்டம். கடைசிக் குச்சி.

அதன் மூக்குக்கு முன்னால் ஒரு கயிற்றுக் கட்டில்.

அச்சுப் பிழையா? நடந்துகொண்டே மாஸ்டரிடம் தாளைக் காட்டினேன். கிளாரினெட்டை வாயிலிருந்து எடுக்காமல் ஓரக்கண்ணால் பார்த்தார். அவருக்கு நான்கு கட்டம் ஓய்வு வந்த இடத்தில் எடுத்துச் சொன்னார்:

"அது உங்களுக்கு வந்த சீருங்க. வாங்கிக்குங்க."

முப்பத்திரண்டாவது கட்டம். எல்லோரும் நின்றுவிட்டார்கள், கடைசி அடி என்னுடையது. மூன்றாம் நம்பர் சட்டப்படி அந்தக் குறி அந்த ஒரே அடிக்குத்தான், முன்னால் அடித்ததற்கும் கிடையாது, பின்னால் வருவதற்கும் கிடையாது. தோலை அரைப்படி ஏற்றி எப்படி அடிப்பது என்று எந்தப் பரீட்சையிலும் இல்லை. நி. பிறந்த இருபத்தைந்து வருடத்தையும் ஒரே கையில் சேர்த்து அடித்தேன்.

கொட்டுக் குச்சியின் தலை கழன்று பறந்து மூன்றாவது சீர்த் தட்டில், கல்கண்டு நடுவில். டிரம்மின் தோலில் ஒரு சாண் கிழிசல்.

நி. நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியாமல் அவரும் சிரித்தார். நல்ல பையன்.

நான் அழவில்லை. பட்டாசுப் புகை.


ஜனவரி 29, வியாழன்

கடை திறந்தது 11.15. உடம்பு வலி. கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் ஒன்று, காதுகுத்து ஒன்று. மீசை வேறு வேறு, கவலையில்லை.

சரோஜா இரண்டு முறை போன் செய்து அழுதாள். வீடு வெறிச்சென்று இருக்கிறதாம். நான் வந்து சாப்பிடுகிறேன் என்றேன். உடனே அழுகையை நிறுத்திவிட்டாள்.

டிரம் தோலுக்குச் சேலத்தில் சொல்ல வேண்டும். கிழிந்ததைத் தூக்கிப் போடுவதா என்று முருகேசன் கேட்டான். வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

கம்ப்யூட்டரில் மூன்றாம் நம்பர் அப்படியே இருக்கிறது.

கல்கண்டில் விழுந்த குச்சித் தலையைச் சுற்றி எடுத்துவந்ததில், கடைசிக் குச்சிக்குக் கட்டில் போட்ட அந்தத் தாளில் பிசுக்கு. துடைத்தாயிற்று. லேமினேஷன் மெஷினில் பச்சை விளக்கு எரிந்துவிட்டது, சூடு ஆறுவதற்குள் தாளை உள்ளே விட்டுவிட்டு வருகிறேன்.